மரதனுக்கு முதல்நாள் மாமா வீட்டில்

மொனராகலை,
சனிக்கிழமை இரவு.

அன்புள்ள விஜயலெட்சுமி சித்திக்கு,

இந்தக் கடிதத்தைத் தயவுசெய்து யாருக்கும் காட்ட வேண்டாம். சித்தப்பாவுக்கும் வேண்டாம். முக்கியமாக அம்மாவுக்கு வேண்டாம், அவரும் இதில் கூட்டு என்று எனக்குச் சந்தேகம். நாங்கள் எல்லோரும் நலம். நீங்களும் கொழும்பில் நலமாக இருக்க முருகனை வேண்டுகிறேன். நான் மட்டும் நலமா இல்லையா என்பது நாளைக் காலையில்தான் தெரியும். போன் அப்பாவின் சட்டைப் பையில் இருப்பதால் டோர்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும்.

நாளைக்கு இங்கே மரதன் ஓட்டம். அப்பாவின் சட்டம் உங்களுக்குத் தெரியும்தானே, சொந்தக்காரர் இருக்கிற ஊருக்குத்தான் மரதன், இல்லாத ஊரில் எவ்வளவு நல்ல மரதன் நடந்தாலும் அது நமக்கு இல்லை. பஸ்சுக்கு மட்டும் செலவு, படுக்கை சொந்தக்காரர் வீட்டில், வழிக்கு அம்மா சுட்ட ரொட்டி, அவர்கள் கையில் கொடுக்க எங்கள் ஸ்பிரிங்வெளித் தோட்டத்துத் தேயிலைத்தூள் ஒரு பை. போன வருசம் பசறை மரதனுக்குப் பெரியப்பா வீட்டில் தங்கினோம். அடுப்படியில் படுத்தேன், சம்பலும் ரொட்டியும் தந்தார்கள், ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, நிம்மதியாக ஓடினேன். இந்த முறை தம்பையா மாமா வீடு. சித்தி, பெரியப்பா வீட்டுப் பையன் அண்ணன். மாமா வீட்டுப் பையன் யார் என்று உங்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. இந்த வீட்டிலும் ஒருவர் இருக்கிறார், பெயர் நிஷாந்த், சப்பாத்துத் தைக்கும் கடையில் வேலை, அப்பாவும் நானும் வந்தபோது வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். சனிக்கிழமையில் யார் வெள்ளைச் சட்டை போடுவார்கள்?

எங்கள் தோட்டத்து லயத்தில் பக்கத்து வீட்டு அகீலா அக்காவை நினைத்துப் பாருங்கள். என்னைவிட வேகமாக ஓடுவாள். "சும்மா ஒரு டீ குடிச்சிட்டு வருவோம்"னு மாமா வீட்டுக்குக் கூட்டிப் போனாங்க, திரும்பி வரும்போது நிச்சயம் முடிஞ்சிருச்சு. அதற்குப் பிறகு அவள் பஸ்சைப் பிடிக்கக்கூட ஓடியதில்லை. நான் இப்போது போட்டு ஓடுவது அவளுடைய சப்பாத்துதான். அதனால்தான் எனக்குப் பயம். பள்ளிக்கூடத்தில் உயர்தர வகுப்பில் படிக்கிறவளைக் கட்டிக் கொடுக்க மாட்டார்கள், பேசி வைப்பார்கள். பேசி வைத்த பிள்ளை அரைக் காற்சட்டை போட்டு மொனராகலை ரோட்டில் ஓட முடியுமா?

நடந்ததை அப்படியே எழுதுகிறேன், நீங்களே சொல்லுங்கள். பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குள் கால் வைத்ததும் மாரியாயி அத்தை என்னை மேலும் கீழும் பார்த்து, "அந்தக் கதவுலருந்து இங்கன வரைக்கும் நட பாப்போம்"னாங்க. நடந்தேன். "ம்ம்"னாங்க. பிறகு அப்பா குளிக்கப் போன நேரம் பார்த்து, "பிள்ளைக்கு என்ன நட்சத்திரம்?"னு கேட்டாங்க. சித்தி, நான் ரோகிணி என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் எனக்கு மூளை வேலை செய்தது. மூலம் என்று சொன்னேன். மூல நட்சத்திரப் பெண்ணை மருமகளாக எடுக்க எந்த மாமியாரும் பயப்படுவார் என்று அம்மா பேசிக் கேட்டிருக்கிறேன். அத்தையின் முகம் சுருங்கிப் போனது. "மூலமா... அப்ப ரெண்டாப் போட்டுறணும்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு போனாங்க. என்னத்தை ரெண்டாப் போடுவது? மாலையா?

அதோடு விடவில்லை. பொழுது சாயும்போது பக்கத்து வீட்டார் ஏழெட்டுப் பேர் வந்து வரிசையாக உட்கார்ந்தார்கள். அத்தை தட்டில் தேநீரை வைத்து என் கையில் தந்து, "நீயே கொண்டுபோய்க் குடும்மா, ஒன்னப் பாக்கத்தான் வந்திருக்காங்க" என்றார். குனிந்த தலை நிமிராமல் கொடுத்ததில் பாதித் தேநீர் தட்டிலேயே நின்றது. பெரிய மீசை வைத்த ஒருவர் குடித்துவிட்டு, "ஸ்பிரிங்வெளித் தூளுங்களா? மணக்குது. பிள்ளையும் அடக்கமாத்தான் இருக்கு" என்றார். பிறகு அப்பாவைப் பார்த்து, "பிள்ளைய நாங்க பத்திரமாக் கொண்டு போயிருவோம், நீங்க ஒன்னும் யோசிக்காதீங்க" என்றார். அப்பா சிரித்தார். சித்தி, எங்க அப்பா, பஸ்ஸில் கண்டக்டர் மீதிக் காசு கொடுக்கும்போது மட்டும்தான் அப்படிச் சிரிப்பார்.

இராச்சாப்பாட்டுக்கு நாட்டுக்கோழி. ஓட்டக்காரிக்கு முதல்நாள் யாராவது கோழி அடிப்பார்களா? கோழியைச் சாப்பிட்டால் சம்மதம் என்று ஆகிவிடுமோ என்று பயந்து ஒரு துண்டோடு நிறுத்தப் பார்த்தேன், கறி நன்றாக இருந்ததால் முடியவில்லை, மூன்று துண்டு சாப்பிட்டேன். அப்பா ஐந்து. கை கழுவப் பின்பக்கம் போனபோது அத்தை அப்பாவிடம் மெதுவாகச் சொன்னது காதில் விழுந்தது. "ஐயர்கிட்ட சொல்லியாச்சுங்கண்ணே. விடியக்காலையிலேயே முடிச்சுக் குடுத்துருவாரு. பிள்ளைக்கு இப்பச் சொல்ல வேணாம், பதட்டப்படும்." அப்பா என்ன சொன்னார் தெரியுமா? "செலவு ஒன்னும் வராதுதானே?" என்றார்.

கல்யாணத்திலும் சிக்கனம் பார்க்கிறார், சித்தி.

எழும்பி ஓடிவிடலாம் என்று வாசலுக்குப் போனேன். என் சப்பாத்தைக் காணவில்லை. அப்பாவின் செருப்பு இருக்கிறது, மாமாவின் செருப்பு இருக்கிறது, என்னுடையது மட்டும் இல்லை. நிஷாந்தையும் காணவில்லை. ஓடிப்போவேன் என்று முன்கூட்டியே ஒளித்துவிட்டார்கள். வீட்டில் கதவு உள்ள ஒரே அறையையும் எனக்குத்தான் தந்திருக்கிறார்கள். ஏன் என்று யோசித்தீர்களா?

சித்தி, நீங்கள்தான் என்னை முதன்முதலில் ஓடச் சொன்னது. கடிதம் கிடைத்ததும் அடுத்த பஸ்ஸில் ஏறி வாருங்கள். அப்பா உங்களுக்கு மட்டும்தான் பயப்படுவார். சித்தப்பாவுக்கு என் வணக்கம். சின்னவனுக்கு என் முத்தங்களைக் கொடுக்கவும், எல்லோருக்கும் கதிர்காமக் கந்தன் துணை இருக்க, இப்படிக்கு உங்கள் அன்பு மகள் ஆர்த்தி

கதவைத் தட்டுறாங்க

பி.கு.: ஞாயிற்றுக்கிழமை. வாழைக்குலை லொறியில் இருந்து எழுதுகிறேன், குலுக்குகிறது. தட்டியது அத்தை. ஒரு வாளி சுடுதண்ணீரில் உப்புப் போட்டுக் கொண்டுவந்து, "பஸ்ஸிலருந்து எறங்கையிலயே நொண்டுன, நடக்கச் சொல்லிப் பாத்தேன்ல, கால உள்ள வை" என்றார். சப்பாத்தைக் காலையில் நிஷாந்த் மச்சான் கொண்டுவந்தார், வாய் பிளந்திருந்த முன்பக்கத்தை இராத்திரி கடையைத் திறந்து தைத்திருக்கிறார். அந்த வெள்ளைச் சட்டை, ஓட்டத்தில் தண்ணீர் கொடுக்க நிற்பவர்களுக்குக் கொடுத்ததாம், அவரும் அதில் ஒருவர். அவருக்குப் பிபிலையில் ஏற்கெனவே பெண் பேசி வைத்திருக்கிறார்கள். மீசைக்காரர் இந்த லொறியின் சாரதி. திரும்பிப் போகும் பஸ் காசு மிச்சம் என்றுதான் அப்பா அப்படிச் சிரித்திருக்கிறார். ஆகவே நீங்கள் வர வேண்டாம். முத்திரை ஒட்டியாகிவிட்டது, வீணாக்கக் கூடாது என்று அனுப்புகிறேன்.

ஒன்றுதான் மனதை உறுத்துகிறது. ஓட்டம் தொடங்க முன்னர் அத்தை மூச்சிரைக்க வந்து என் நெற்றியில் திருநீறு பூசி, "ஐயர் நடை தெறந்ததும் ஒனக்கு அர்ச்சன பண்ணிட்டாரு. மூலத்துக்கு இப்பக் காலம் சரியில்லன்னு ரெண்டு தேங்காயா ஒடைச்சிருக்கேன்" என்றார். அப்பா, "மூலமா?" என்று திரும்புவதற்குள் விசில் ஊதிவிட்டார்கள். நான் நாலாவதாக வந்தேன். முதலாவது வந்தது லுணுகலைப் பக்கத்துப் பிள்ளை, ஜீவராணி என்று பெயர், இதற்கு முன் எந்த ஓட்டத்திலும் வென்றதே இல்லையாம். அத்தை உடைத்த தேங்காயின் பலன் வழிதவறி அவளுக்குப் போயிருக்குமோ என்று, தண்ணீர் குடிக்கும் இடத்தில் மெதுவாகப் பக்கத்தில் போய்க் கேட்டேன்.

"தங்கச்சி, ஒனக்கு என்ன நட்சத்திரம்?"

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். இரண்டடி பின்னால் போனாள்.

"மூலம்" என்றாள். "ஏன்க்கா, ஒங்க வீட்ல அண்ணன் யாரும் இருக்காங்களா?"