கழற்றிப் பார்த்தால் இலகுரகம்

ஒரு குடியரசு என்றால் அதற்கென்று ஒரு கொடி, ஒரு தேசிய கீதம், ஓர் இலகுரக இயந்திரத் துப்பாக்கி இருக்க வேண்டும். முதல் இரண்டும் எங்களிடம் இருந்தன. மூன்றாவதை அடுத்த நாட்டில் வாங்குவது மானக்கேடு என்று மேலிடம் கருதியதால், அதை வடிவமைக்க ஓர் உயர்மட்ட ஆணையம் அமைந்தது. அந்த ஆணையத்துக்குத் தெரேரே என்கிற மூலிகைப் பானம் ஊற்றிக் கொடுக்கும் பொறுப்பு மிக்க பதவியில் அடியேன் இருந்தேன்.

பொறியாளர்கள் முதலில் தந்த வரைபடத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மெலிந்த குழல், சூடேறினால் சட்டென்று கழற்றி வேறு மாட்டலாம். முன்னால் மடக்குகிற கால் இரண்டு. மேலே தோட்டாப் பெட்டி. ஒரே ஆள் தூக்கிக்கொண்டு ஓடலாம். பத்துக் கிலோவைத் தாண்டினால் அது இலகுரகம் ஆகாது என்று விதியே உண்டு.

அதற்குப் பிறகுதான் ஆணையம் கூடியது.

எங்கள் ஊரில் தெரேரே குடிப்பது வட்டமாக உட்கார்ந்துதான். மூலிகை இலை போட்ட மாட்டுக்கொம்பில் ஐஸ் தண்ணீர் ஊற்றி நீட்டுவேன். ஒருவர் உறிஞ்சிவிட்டுத் திருப்பித் தருவார், நிரப்பி அடுத்தவருக்கு. நன்றி சொன்னால் போதும், எழுந்து போகிறேன் என்று அர்த்தம். ஆணையத் தலைவர் கர்னல் ஓர்திகோசா சொல்வதற்கு முன்னால் எவன் நன்றி சொல்வான்? எனவே கொம்பு சுற்றிக்கொண்டே இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு வாயை மூடியிருந்தால் யார் மதிப்பார்கள்? ஆளுக்கொரு அம்சம் சேர்த்தார்கள்.

"ஆத்துல விழுந்தா மெதக்கணும்" என்றார் கடற்படைக் கேப்டன். எங்கள் நாட்டுக்குக் கடல் கிடையாது, கடற்படை உண்டு. தக்கை சேர்ந்தது.

"அணிவகுப்புல மின்ன வேணாமா?" என்றார் பாண்டு மாஸ்டர். பித்தளைப் பூண் சேர்ந்தது.

கர்னல் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையை விரித்தார். "இப்ப இதுதான்யா ஃபேஷன். மேல, கீழ, ரெண்டு பக்கமும் பல்லு வெச்ச இரும்புப் பட்டை."

"அதுல என்ன சார் மாட்டுறது?" என்றார் பாண்டு மாஸ்டர்.

"அது அடுத்த பட்ஜெட்."

கொம்பைத் தொங்கவிட ஒரு கொக்கி என்பது அடியேனின் பணிவான யோசனை.

தூக்கிப் பார்க்க கார்ப்பரல் செபரினோ அழைக்கப்பட்டான். மைதானத்தில் கொஞ்ச தூரம் நடந்தான், உட்கார்ந்தான், எழவில்லை.

"என்னப்பா ஆச்சு?" என்றார் கர்னல்.

"கனம் சார்."

"இலகுரகம்னு பேரே வெச்சிருக்கோம். கனம்ங்கிறே?"

"பேரையா தூக்குனேன் சார்? இதைத்தானே தூக்குனேன்." மூச்சு வாங்கியது அவனுக்கு. "சாக்கோ எல்லையில என் தம்பி இலாரியோதான் சார் இதைச் சுமக்கப் போறான். அந்த மணல்ல, அந்த வெயில்ல. சண்டை வந்தா ஓடக்கூட முடியாது. செத்துருவான் சார்."

கர்னலிடம் யாரும் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. அவன்மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்தது.

தராசு வந்தது. இருபத்தாறு கிலோ. கர்னல் பதறவில்லை.

"குழலைக் கழட்ட முடியுமா?"

"முடியும் சார்" என்றார் பொறியாளர் ஒருவர்.

"அப்ப அது உதிரிபாகம். கழட்டு. காலு? கழட்டு. தோட்டாப் பெட்டி, பட்டை, தக்கை?"

கடைசியில் தராசில் ஒரு மரக்கட்டையும் அதில் கழற்ற வராத ஓர் ஆணியும் மிஞ்சின. இரண்டு கிலோ. 'கழற்றக்கூடிய எதுவும் துப்பாக்கியின் அங்கமாகக் கருதப்படமாட்டாது' என்று அந்த இடத்திலேயே தீர்மானம் ஆயிற்று. உலகத்திலேயே எடை குறைந்த இயந்திரத் துப்பாக்கி எங்களுடையது என்று கைதட்டினார்கள்.

"கழட்டுனதையெல்லாம் யாரு சார் தூக்குறது?" என்றான் செபரினோ.

"உன் தம்பிதான். ஆனா துப்பாக்கியா தூக்க மாட்டான், சாமானா தூக்குவான்."

செபரினோவுக்குத் தண்டனை நிச்சயம் என்று நினைத்தேன். கர்னல் அனுபவஸ்தர். அவனையே ஆணையத்தின் களப் பிரதிநிதியாக நியமித்தார். மின்விசிறிக்குக் கீழே நாற்காலி, மதியம் சுட்ட மாட்டுக்கறி, முன்னால் பெயர்ப்பலகை. ஒரு வாரத்தில் அவன் கன்னத்தில் சதை வைத்தது.

இறுதி வடிவத்துக்குக் கையெழுத்திடும் நாள் வந்தது. கொம்பை நிரப்பி அவனிடம் நீட்டினேன். எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். "நன்றி, போதும்" என்று கையெழுத்திடாமல் எழுந்தால் தீர்ந்தது, வடிவம் அங்கேயே நிற்கும். எழுந்தவனை எங்கே அனுப்புவார்கள் என்பதும் அவனுக்குத் தெரியும். சொல்லிடுடா செபரினோ என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

அவன் அடிவரை சத்தமாக உறிஞ்சினான். வாயைத் துடைத்தான்.

"எனக்குப் பெரிசா ஒண்ணும் தோணல சார். தம்பி தோள்பட்டை பாவம். துப்பாக்கி படுற இடத்துல ஒரு சின்ன மெத்தை வெச்சுட்டா நல்லாருக்கும்."

"கனம் கூடுமேப்பா?" என்றார் கர்னல், சிரிக்காமல்.

"கழட்டக்கூடிய மெத்தைதான் சார்."