ஓய்வு பெற்றவரின் ஹெட்லைட்

தட்டினார், ஊதினார், கெஞ்சினார். மோட்டார் சைக்கிளின் ஹெட்லைட் எரியவில்லை.

"பல்பு போயிருக்கும். கடைக்குப் போய் ஒண்ணு வாங்கிட்டு வாங்களேன்" என்றாள் மனைவி, தையல் இயந்திரத்தை விட்டு எழுந்திருக்காமலே.

மின்சார அலுவலகத்தின் புகார் பிரிவில் காலமெல்லாம் உட்கார்ந்து, "ஆள் வந்துக்கிட்டே இருக்காங்க" என்று ஊரையே சமாதானப்படுத்தியவர் அவர். போன மாதம்தான் ஓய்வு பெற்றார். ஓய்வு அவருக்குக் கிடைத்தது, பறிபோனது மனைவிக்கு. வீட்டின் முன்னறைதான் அவளுடைய தையல் கடை. அங்கே நாற்காலியைப் போட்டுக்கொண்டு நூல்கண்டுகளை நிறத்தின் பெயர்ப்படி அகர வரிசையில் அடுக்கினார். துணி தைக்கக் கொடுக்க வந்த அம்மாவிடம், "இந்தக் கலர் உங்களுக்கு எடுக்காதும்மா" என்று உண்மையைச் சொன்னார். அந்த அம்மா துணியோடு திரும்பிப் போய்விட்டாள். இன்று காலை பட்டன் டப்பாவை ஒழுங்குபடுத்தக் கை நீட்டியபோதுதான், "அதை மட்டும் தொடாதீங்க!" என்று மனைவி வீடே அதிரக் கத்தினாள்.

"சனிக்கிழமை சாயங்காலம் உன் தங்கச்சி வீட்டுக்கு இந்த வண்டியிலதான் போறோம்" என்றார் அவர். "மெக்கானிக் கை படக்கூடாது. நானே மாட்டுறேன்."

"அவசரமே இல்லைங்க. நிதானமா பாருங்க."

கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயில் வராத வார்த்தை அது. அவருக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது.

தெருமுனை உதிரிபாகக் கடைக்காரர், கருகிய பல்பை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "எப்ப வாங்கின வண்டி சார்?"

"என் கல்யாணத்துக்கு முன்னாடி."

"அப்ப இதுதான், கண்ணை மூடிக்கிட்டு மாட்டுங்க."

கண்ணைத் திறந்துகொண்டு மாட்டியும் அது உட்காரவில்லை. பல்பின் காதுகள் ஒரு பக்கம், ஹோல்டரின் பள்ளங்கள் இன்னொரு பக்கம். காதை அரத்தால் ராவி அழுத்தினார். பல்பு உள்ளே போனது, ஹோல்டர் உடைந்தது.

மறுபடி கடை. புது ஹோல்டர், அதற்கேற்ற புது பல்பு. இந்த முறை விளக்கு எரிந்தது. ஆனால் எரிகிறதா என்று பார்க்க டார்ச் அடிக்க வேண்டியிருந்தது.

"வெளிச்சம் பத்தலையா? இதைப் போடுங்க சார். காருக்குப் போடுறது. எதிர்ல வர்றவன் கையெடுத்துக் கும்பிடுவான்."

அது எரிந்த எரிப்பில் எதிர்வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்தினார். ஆனால் ஹாரனை அழுத்தினால் விளக்கு அணைந்தது. விளக்கைப் போட்டால் ஹாரன் முனகியது. இரண்டையும் சமரசம் செய்துவைப்பதற்குள் பேட்டரி கைவிரித்துவிட்டது, வண்டியே கிளம்பவில்லை. மூச்சு வாங்கக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

வழியில் ஒருவர் நின்று உற்றுப் பார்த்தார். "சார், நீங்க கரண்டு ஆபீஸ்தானே? புகார் சொன்னா எடுப்பீங்களே... என்ன ஆச்சு?"

"லைட்டு எரியல."

"கவலைப்படாதீங்க சார், ஆள் வந்துக்கிட்டே இருக்காங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பேட்டரியைச் சார்ஜ் போட்டு மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தவர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஆபீஸ் நாற்காலி போனதும் ஒரு பல்புகூட நம் பேச்சைக் கேட்பதில்லையே என்று நிஜமாகவே நொந்துகொண்டார். இனி தன்னால் யாருக்கு என்ன பிரயோஜனம்? உள்ளே தையல் இயந்திரம் மட்டும் உற்சாகமாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மாதமாகத் தேங்கிக் கிடந்த துணியெல்லாம் தைத்து மடித்து அடுக்கியிருந்தது.

"விட்டுடாதீங்க. நாளைக்கும் போய்ப் பாருங்க" என்று மனைவி தைரியம் சொன்னாள்.

சனிக்கிழமை காலை, கருகிய பழைய பல்பைக் கடைசியாக ஒருமுறை கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். எத்தனை வோல்ட், எத்தனை வாட் என்று அதன் அடியிலேயே பொறித்திருந்தது! தலையில் அடித்துக்கொண்டு, தெருமுனைக் கடையைத் திரும்பியும் பாராமல் பஸ் ஸ்டாண்டுக் கடைக்கு ஓடினார். அதே எண்ணைக் காட்டி வாங்கி வந்தார். மாட்டினார். உதைத்தார்.

சுவர் முழுக்க மஞ்சள் வெளிச்சம்.

"எரியுது! ஏய், வந்து பாரு, எரியுது!"

கத்தரிக்கோலோடு ஓடி வந்த மனைவி வாசலில் அப்படியே நின்றாள். "எரிஞ்... எரிஞ்சிடுச்சா?"

ஆனந்தத்தில் அவளுக்குப் பேச்சு வரவில்லை என்று நினைத்துக்கொண்டார். இழந்த உத்தியோகமே திரும்பக் கிடைத்த மாதிரி இருந்தது. முன்னறைக்கு வந்து தன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இனிமே எனக்கு வெளியில ஒரு வேலையும் கிடையாது. முதல்ல உன் பட்டன் டப்பாவை ஒழுங்கு பண்ணிடறேன்."

அப்போது தையல் மேசையில் இருந்த அவளுடைய போன் அடித்தது. அவள் பாய்ந்து வருவதற்குள் அவர் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். தெருமுனைக் கடைக்காரரின் குரல் படபடத்தது.

"அக்கா, மோசம் போயிட்டோம், சார் பஸ் ஸ்டாண்டுக் கடையில சரியான பல்பை வாங்கிட்டாராம்! நான் குடுத்த கருகின பல்பை மாட்டிட்டு நீங்க வண்டியிலிருந்து கழட்டின நல்ல பல்பு பட்டன் டப்பாவுலேயே இருக்கட்டும். நாளைக்கு எதைக் கழட்டப்போறீங்கன்னு இப்பவே சொல்லிட்டீங்கன்னா, அதுக்குச் சேராத சாமானா பாத்து எடுத்து வைக்கிறேன்!"