பீட்டா அண்ணையின் ஒரே போன்

உலகத்திலேயே கைபேசிக் கம்பனிகளிடம் அதிக நன்றி வாங்கிய மனிதர் கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியில், ஒரு சாறிக் கடையின் மேல்மாடியில், செயலி எழுதும் எங்கள் ஒபீஸில் வேலை செய்தார். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. சம்பளம் போடுகிறவரைத் தவிர வேறு யாருக்கும் அது தேவைப்படவில்லை. எங்களுக்கு அவர் பீட்டா அண்ணை.

பெயர்க் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். வருடத்துக்கு ஒரு தடவை போன் கம்பனிக்காரர் பெரிய மேடையில் ஏறுவார்கள். போனை உள்ளிருந்து இயக்கும் மென்பொருளை மேம்படுத்திவிட்டோம், செயலி எழுதுகிறவர்களின் கருவிகளையும் மேம்படுத்திவிட்டோம், இனி உங்கள் வாழ்க்கை சுகம் என்பார்கள். எத்தனையோ வருடமாக என் வாழ்க்கையை இப்படிச் சுகமாக்கிக்கொண்டே இருக்கிறார்கள். நேற்று ஓடிய செயலி இன்று ஓடாது. எழுதும் கருவி தன்னைப் புதிதாக்கு என்று அடம்பிடிக்கும். எங்கள் ஒபீஸ் இணைப்பில் அது இறங்கி முடிவதற்குள் அதற்கும் ஒரு அப்டேட் வந்துவிடும். மேம்பாடு என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இடுப்பு வலிக்கும்.

இந்த மேம்பாட்டை ஊருக்கு விடுவதற்குச் சில மாதம் முன்பே, அரைவேக்காட்டில் எங்களுக்குத் தருவார்கள். அதற்குத்தான் பீட்டா என்று பெயர். போட்டுப் பார்த்து, எது உடைகிறதென்று எழுதச் சொல்வார்கள். புத்தியுள்ளவர்கள் அதை மேசையில் சும்மா கிடக்கும் போன் ஒன்றில் போடுவார்கள். பீட்டா அண்ணை தன்னிடம் இருந்த ஒரே போனில் போடுவார், அதுவும் வந்த அன்றே.

அதன் பலனை அவர் வீடு அனுபவித்தது. ஒரு வருடம் போன் ஒலிப்பதையே விட்டுவிட்டது. கொட்டாஞ்சேனையிலிருந்து அவர் மனைவி எனக்குப் போன் எடுத்து, மனுசன் வேலைக்கு வந்து சேர்ந்துவிட்டாரா என்று மட்டும் பார்த்துச் சொல்லச் சொல்வார். இன்னொரு வருடம் எங்கே மணிச்சத்தம் கேட்டாலும் போனின் டோர்ச் தானாக எரிந்தது. ஞாயிறு பூசையில் மணி அடித்ததும் அண்ணையின் சட்டைப் பையிலிருந்து ஒளி கிளம்பியது. பக்கத்தில் நின்றவர் அதைப் பக்தி என்று நினைத்துத் தன் டோர்ச்சையும் ஏற்றினாராம்.

ஏதாவது உடைந்தால் அண்ணைக்குக் கொண்டாட்டம். "தம்பி, முறிஞ்சிட்டுது" என்று வந்து நிற்பார், பேரப்பிள்ளை பிறந்த செய்தி சொல்வது போல. பிறகு கம்பனிக்கு எழுத உட்காருவார். நீங்களும் குடும்பத்தாரும் நலம்தானே என்று தொடங்கி, வெள்ளவத்தையில் மழையா வெயிலா என்று அறிவித்து, அதன் பிறகுதான் விசயத்துக்கு வருவார். அடுத்த நிமிடமே பதில் வரும்: உங்கள் கருத்துக்கு நன்றி. அந்த நன்றிக்கும் இவர் நன்றி எழுதுவார். ஆள் எழுதுவதில்லை, மெசின் அனுப்புகிறது என்று நான் தலைப்பாடாய் அடித்துக்கொண்டேன். மெசின் என்றாலும் மரியாதையாகத்தானே பேசுகிறது என்றார். எங்கள் முதலாளியோடு ஒப்பிட்டுப் பார்த்தால் அது உண்மைதான்.

ஒரு நாள் களைப்பில் கேட்டே விட்டேன். ஒபீஸ் போன் ஒன்றில் போட்டுப் பார்த்தால் என்ன, ஏன் இந்தச் சித்திரவதை என்று.

"அதில போட்டா எனக்கு நோகாது தம்பி. நோகாட்டி நான் பிழையைத் தேட மாட்டன்."

மனுசனுக்கு விசர் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு என் வேலையைப் பார்த்தேன்.

அப்போது எங்களுக்குச் சோறு போட்டது 'குளிசை மணி' என்ற செயலி. பிள்ளைகளைக் கனடாவுக்கும் லண்டனுக்கும் அனுப்பிவிட்டு, வெள்ளவத்தைத் தொடர்மாடி வீடுகளில் தனியாக இருக்கும் தாய் தகப்பன்மாருக்காகச் செய்தது. மருந்துக் குளிசை நேரத்துக்கு மணி அடிக்கும். குடித்துவிட்டு மணியை அமத்தி நிறுத்தினால், தூரத்திலிருக்கும் பிள்ளையின் போனில் பச்சைப் புள்ளி விழும். மணியைப் போனின் முகப்பிலேயே அமத்தலாம், செயலியைத் திறக்கத் தேவையே இல்லை. அந்த வசதியைச் செய்ததில் எங்களுக்குப் பெருமையும் இருந்தது. பிரஷர், சீனி வியாதி, இருதயம் என்று எத்தனையோ வீடுகள் அந்த மணியை நம்பித்தான் குளிசை குடித்தன. பீட்டா அண்ணையும் தன் பிரஷர் குளிசையை அதில்தான் போட்டிருந்தார்.

அந்த வருடத்து பீட்டாவில் பற்றறியின் சார்ஜை மிச்சம் பிடிக்க ஒரு மேம்பாடு வந்தது. கொஞ்ச நாள் திறக்காத செயலியைப் போன் தானே உறங்க வைத்துவிடும். நாங்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை. ஒரு காலை பீட்டா அண்ணை கொட்டாஞ்சேனை வழியாக வரும் மட்டக்குளி பஸ்ஸிலிருந்து இறங்கி, நடந்து வர முடியாமல் தரிப்பிடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். தலைச்சுற்று. டொக்டர் பார்த்ததில் பிரஷர் தாறுமாறாக ஏறியிருந்தது. ஒரு கிழமை, ஏழு நாளும் குளிசை குடிக்கவில்லை என்பது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது.

"மணி அடிக்கேல்ல தம்பி. முறிஞ்சிட்டுது" என்றார். முதல் தடவையாக அதில் சந்தோசம் இல்லை.

இந்த அப்டேட் ஊருக்கு வந்தால் அத்தனை வீட்டு மணியும் நின்றுவிடும். விழும் புள்ளியைப் பார்க்கிற பிள்ளைகள் விழாத புள்ளியைக் கவனிப்பதில்லை, அதனால் நின்றது யாருக்கும் தெரியவும் போவதில்லை. அண்ணை கம்பனிக்கு எழுதினார், இந்த முறை குடும்ப நலம் விசாரிக்காமல். நன்றி வந்தது. திரும்ப எழுதினார். திரும்ப நன்றி. முதலாளியோ, அப்டேட் வருமுன்பே செட்டிங்ஸில் எங்கே போய் எதை மாற்றி வைப்பதென்று எல்லோருக்கும் ஒரு செய்தி போட்டால் முடிந்தது என்றார். ரிமோட்டில் சத்தம் கூட்டத் தெரியாத சனம் அது என்று அண்ணை சொன்னது அவர் காதில் ஏறவில்லை.

அதனால் வீடு வீடாகப் போய் நாங்களே மாற்றத் தொடங்கினோம். வாசலில் செக்கியூரிட்டிக்கு அண்ணை சிங்களத்தில் விளக்குவார். அந்தக் காவலாளி முதலில் தன் போனைத் திருத்தித் தரச் சொல்வார். மேலே போனால் தேத்தண்ணி, பிஸ்கட், மகனின் கலியாண அல்பம். அல்பம் முடியும் வரை போன் கைக்கு வராது. ஒரு பின்னேரத்துக்கு இரண்டு வீடு முடிந்தால் பெரிய காரியம். லிப்ட் வேலை செய்யாத நாட்களில் அதுவும் இல்லை. என் முழங்கால் கழன்றது. இந்தத் தொழிலையே விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

கடைசியில் அண்ணை ஒரு வழி எழுதினார். பச்சைப் புள்ளி விழாவிட்டால், தூரத்துப் பிள்ளைக்கு ஒரு செய்தி போகும். அதைச் சரிபார்க்க, இல்லாத ஒரு செல்லம்மாவையும் அந்தச் செல்லம்மாவுக்கு ஒரு மகனையும் பரிசோதனைப் பக்கத்தில் உண்டாக்கி வைத்திருந்தார். செய்தியை அந்த மகனுக்கு அனுப்ப வேண்டும். எங்கள் தொழிலில் எல்லோரும் வாழ்க்கையில் ஒரு தடவை செய்யும் பிழையை அண்ணை அன்று பின்னேரம் செய்தார். பரிசோதனைப் பக்கம் என்று நினைத்து, உண்மையான வீடுகள் பதிந்திருக்கும் பக்கத்தில் அமத்திவிட்டார்.

"அம்மா இன்னும் குளிசை குடிக்கேல்ல. உடன போன் எடுத்து, ஆப்பைத் திறந்து பாக்கச் சொல்லுங்கோ" என்ற செய்தி உலகத்திலிருந்த அத்தனை பிள்ளைகளுக்கும் போனது. கனடாவில் அப்போதுதான் விடிகிறது. அங்கே இருந்தவர்கள் கட்டிலிலிருந்து பாய்ந்து எழும்பி, லண்டனில் இருந்தவர்கள் வேலையைப் போட்டுவிட்டு, வீட்டுக்குப் போன் எடுத்திருக்கிறார்கள். வெள்ளவத்தைத் தொடர்மாடிகள் முழுக்க ஒரே நேரத்தில் போன் அடித்தது. கொஞ்ச நேரத்தில் ஒபீஸ் போனும் அடிக்கத் தொடங்கியது. அண்ணை எழுந்து முதலாளி முன்னால் போய், பிழை தன்னுடையது என்று சொல்லிவிட்டு வந்து, மேசை லாச்சியை இழுத்து, உள்ளிருந்த சாமான்களைப் பையில் போட ஆரம்பித்தார்.

மறுநாள் காலையும் போன் ஓயவில்லை. முதலில் எடுத்தது கடற்கரைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றிலிருந்து ஒரு அம்மா.

"தம்பி, முறைப்பாடு இல்லை. மகன் கனகாலத்துக்குப் பிறகு எடுத்துக் கதைச்சவன். அந்த மெசேஜ் இனி எப்ப போகும்?"

அவரைப் போலவே மற்றவர்களும். பிள்ளை பதறியதில், என்ன நடந்ததென்று பார்க்க எல்லாத் தாய்மாரும் செயலியைத் திறந்திருந்தார்கள். திறந்தால் போதும், கொஞ்ச நாளுக்குப் போன் அதை உறங்க வைக்காது. பிறகு அப்டேட் ஊருக்கு வந்தது. எங்காவது மணி நின்றால் புள்ளி விழாது, பிள்ளை எடுக்கும், தாய் திறப்பார், மணி திரும்ப அடிக்கும். முதலாளி அண்ணையை லாச்சியைத் திரும்ப நிரப்பச் சொல்லிவிட்டு, இதையே எங்கள் செயலியின் புதிய மேம்பாடு என்று விளம்பரம் போட்டார். அந்தச் சொல்லைக் கேட்டு முதல் தடவையாக எனக்கு இடுப்பு வலிக்கவில்லை.

அண்ணை இப்போது மனைவியோடு மெல்பேர்னில், மகள் வீட்டில். போன் இன்னமும் ஒன்றுதான், அதில் பீட்டாதான். போன வருடம் எனக்கும் பிரஷர் வந்துவிட்டது. குளிசை மணியில் பதிந்தபோது பிள்ளையின் இலக்கம் கேட்டது. எனக்குப் பிள்ளை இல்லை. அண்ணையின் இலக்கத்தைப் போட்டேன். புள்ளி விழாத நாட்களில் எடுப்பார்.

"தம்பி, குடிச்சிட்டீரோ?"

பிறகு மெல்பேர்னில் மழையா வெயிலா என்று சொல்வார். அந்த வருடத்து பீட்டாவில் என்னென்ன முறிந்தது என்று சொல்வார். நான் வெள்ளவத்தையில் மழையா என்று சொல்வேன்.

என் போனில் மணி ஒழுங்காகத்தான் அடிக்கிறது. குளிசையையும் நேரத்துக்குக் குடித்துவிடுகிறேன். சில நாட்களில் மட்டும், மணியை அமத்தாமல் விட்டுவிட்டுக் காத்திருக்கிறேன்.