கப்பல்காரர் சாத்திய கதவு

கதவு என்ற பொருளோடு கப்பல்காரரைப் போல் தீராப் பகை வைத்திருந்த மனிதர் இந்த உலகத்தில் வேறொருவர் பிறந்திருக்க முடியாது.

அது யுத்த காலம். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வாடகை வீட்டில் நான், நூல் மண்டியில் கணக்கெழுதிய காதர் பாய், கப்பல்காரர் மூவரும் குடியிருந்தோம். கப்பல்காரர் மல்லசமுத்திரத்துப் பண்ணையக்கார வீட்டுப் பிள்ளை. பம்பாய்க்கு ஓடிப்போய்க் கப்பல் இன்ஜின் வேலை கற்று, கடற்படையில் அதிகாரியாகி, குண்டுபட்ட கப்பலை மூழ்காமல் காப்பாற்றியதற்காகப் பதக்கம் வாங்கியவர். நெஞ்சில் புகை ஏறி உடம்பு கெட்டதால் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். இங்கே என்னோடு சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா.

வந்ததும் வீட்டுத் தாழ்ப்பாள்களை எல்லாம் கழற்றினார். பிறகு குளியலறைக் கதவையே கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டார். உள்ளே ஆள் இருப்பது தெரிய வேண்டுமே என்று நான் பாடிக்கொண்டே குளித்தேன். பாய்க்குப் பாட்டு வராது, வாய்ப்பாடு ஒப்பித்தார். தெருவில் திரிந்த ஆடு ஒன்று உள்ளே வந்து பாயின் புது லுங்கியில் பாதியைத் தின்றுவிட்டுப் போனது. பொறுக்க முடியாமல் அவர் வாசல் கதவைச் சாத்தினால், கப்பல்காரர் முகம் வெளிறி எழுந்து வருவார். திறந்துவிடச் சொல்லிக் கெஞ்சுவார். காரணம் கேட்டால், காற்று வேண்டும் என்பார்.

அப்போது பட்டாளத்துக்கு ஆள் சேர்க்க டாக்கீஸ் கொட்டகையில் கூட்டம் போட்டார்கள். பதக்கம் வாங்கிய உள்ளூர்க்காரர் பேசினால் பையன்கள் வரிசையில் வந்து நிற்பார்கள் என்று நினைப்பு. முடியாது என்றவரை எங்கள் ஆபீஸ் அதிகாரி மிரட்டி மேடையேற்றினார். வெள்ளை உடுப்பில் அவரைப் பார்க்க எனக்கும் பாய்க்கும் ஒரே பெருமை.

"கப்பல்ல குண்டு உழுந்துச்சுங்க," என்றார் கப்பல்காரர். "அடித்தளத்துல தண்ணி பூந்துருச்சு. அந்தக் கதவச் சாத்துனாத்தான் கப்பல் நிக்கும். நாந்தானுங்க சாத்துனேன். உள்ள எங்க ஆளுங்க இருந்தாங்க. ரொம்ப நேரம் தட்டுனாங்க. அதுக்குத்தானுங்க இந்த மெடலு."

முன்வரிசையில் இருந்த மணியக்காரர் ஒருவர், பேச்சு முடிந்தால் கைதட்டும் பழக்கத்தில் தட்டிவிட்டார். அவரைப் பார்த்து எல்லோரும் தட்டினார்கள். கப்பல்காரர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு மேடையிலேயே குந்திவிட்டார். நானும் பாயும்தான் ஏறிப்போய்த் தூக்கி வந்தோம்.

வீடு வந்ததும் பாய் வாசல் கதவைத் தன் கையாலேயே கழற்றி வைத்தார்.

பட்டாளத்தில் ஒரு பையன்கூடச் சேரவில்லை. அந்தக் கோபத்தில் கப்பல்காரரின் வேலையைப் பறித்தார்கள். அவர் தங்கை வந்து ஊருக்கு அழைத்துப் போனாள்.

சில மாதம் கழித்து மல்லசமுத்திரம் போனேன். கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"ஆருகிட்டயும் பேசறதில்லீங்க. சோறு வெச்சா உண்ணுவாரு, இல்லீனா அதுங்கூட இல்லீங்க," என்றாள் தங்கை.

என்னைப் பார்த்ததும் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். ஆபீஸ் வம்பு, பாய்க்குப் பெண் பார்க்கப்போன கூத்து எல்லாம் சொன்னேன். முகத்தில் அசைவே இல்லை. சாயங்காலம் சேலத்துக்குப் போகிற ஒரே பஸ் ஆரன் அடித்துக்கொண்டே இருந்தது. நான் எழுந்திருக்கவில்லை.