எடுத்தாச்சு

"ஒரு வகுப்பே நீலமா இருக்கு. இதைக் கழுத்துல மாட்டிக்கிட்டா பிள்ளைங்க வரணும்?" அடையாள அட்டைப் படங்களை மேசையில் கொட்டினார் தலைமையாசிரியை.

ஸ்டூடியோக்காரர் முழங்கையைச் சொறிந்துகொண்டே குனிந்து பார்த்தார். நீலம்தான், சந்தேகமே இல்லை.

"பிரிண்டர் கோளாறு மேடம். நாளைக்குள்ள சரி பண்ணிடறேன்."

"நாளைக்கு இல்லேன்னா வேற ஸ்டூடியோ பார்த்துக்கறோம்."

பள்ளிக்கூட வேலை போனால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான். பதற்றம் ஏற ஏற அரிப்பும் ஏறியது.

நிறம் சரிபார்க்கத் தன்னையே ஒரு படம் எடுத்து அச்சிட்டார். மஞ்சள்! போன வாரமும் இப்படித்தான் வந்தது. அன்றைக்கு மாதிரியே மஞ்சளைக் குறைத்தார். போதவில்லை. இன்னும் குறைத்தார். ஒருவழியாகத் தன் முகம் மனித நிறத்துக்கு வந்ததும் பிள்ளைகளை அச்சிட்டார். நீலமாக இருந்தவர்கள் இப்போது ஊதாவாகியிருந்தார்கள்.

உள்ளே வந்த மனைவி அவர் சொறிவதைப் பார்த்தாள்.

"என்னங்க, புது சோப்பு போட்டும் அடங்கலையா? காலையில வேற குளிர்ல நடுங்கினீங்க. அந்த ஸ்டென்ட் வேலையா இருக்குமோ?"

சில மாதங்களுக்கு முன் பித்தக்குழாயில் கல் அடைத்தபோது, வாய் வழியாக எண்டாஸ்கோப்பை விட்டு உள்ளே ஒரு சின்ன பிளாஸ்டிக் குழாயை வைத்திருந்தார்கள். அதுதான் ஸ்டென்ட். சொன்ன தேதியில் வந்து எடுத்துவிட வேண்டும், விட்டால் அடைத்துக்கொண்டு உயிருக்கே வினையாகும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். இவரும் தேதி தவறாமல்தான் போனார்.

"எத்தனை தடவை சொல்றது? அதான் அன்னிக்கே எடுத்தாச்சே! படுக்க வச்சாங்க, மூச்சை அடக்கச் சொன்னாங்க, முடிஞ்சுபோச்சு. ஊசிகூட இல்ல!"

"அப்புறம் டாக்டரைப் பார்த்தீங்களா?"

"வெளியே உட்காருங்கன்னாங்க. எடுத்தப்புறம் அவர் முகத்தைப் பார்த்து என்ன பண்ண? கடைக்கு ஓடி வந்துட்டேன்."

"அவசரக்குடுக்கை!" என்றாள்.

அதற்குள் பிரிண்டர் மெக்கானிக் வந்தான். எல்லாவற்றையும் பழைய நிலைக்குத் திருப்பித் தன்னை ஒரு படம் எடுத்து அச்சிட்டான். பிரமாதமாக வந்தது. அவரை எடுத்தான். மஞ்சள். படத்தையும் பார்த்தான், ஆளையும் பார்த்தான்.

"அண்ணே, மெஷின்ல ஒரு குறையும் இல்ல. நீங்கதான் மஞ்சள்."

மனைவி அவர் கண்ணிமையை இழுத்துப் பார்த்தாள். "ஐயையோ! கண்ணும் மஞ்சளா இருக்கே!"

ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் குளிர்காய்ச்சலில் அவருக்குப் பற்கள் தந்தியடித்தன. அதே எக்ஸ்ரே அறை, அதே படுக்கை, படம் எடுப்பவரும் அன்றைக்கு இருந்தவரே. திரையில் அந்தக் குழாய் முழுசாக, நோகாமல் கிடந்தது. எண்டாஸ்கோப்பி அறையில் டாக்டர் தயாராக இருந்தார்.

உயிர் போகிற பயத்திலும் ஸ்டூடியோக்காரருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "தம்பி, இதே இடத்துல நின்னு, 'எடுத்தாச்சு, எழுந்திரிங்க'ன்னு உங்க வாயால சொன்னீங்களா இல்லையா?"

"நான் எடுத்தது எக்ஸ்ரே சார்! போன வருஷம் உங்க கடையில என்னை உட்கார வச்சு, 'எடுத்தாச்சு, எழுந்திரிங்க'ன்னீங்களே, நீங்க என்ன என் குடலையா எடுத்தீங்க?"