முயலாகிப்போன கதாநாயகி

முசஃபா, அபுதாபி
14.5.2004

மரியாதைக்குரிய பாஸ்கர் மச்சானுக்கு, முசஃபா கேம்ப்பிலிருந்து தங்கள் தங்கை கணவன் வைரவன் வணக்கத்துடன் எழுதுவது. வெயிலைத் தவிர இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. அங்கே அனைவரும் சுகமாயிருக்க வேண்டுகிறேன்.

எங்கள் மகள் அகிலாவை நாலாம் வகுப்பிலிருந்து இங்கிலீஷ் பள்ளியில் சேர்க்கலாமா, அங்கே தமிழ் பேசினால் முட்டி போடச் சொல்வார்களாம் என்று எழுதி, விண்ணப்பத்தையும் அனுப்பியிருந்தீர்கள். வேண்டாம் மச்சான். காரணம் எங்கள் கேட் வாட்ச்மேன் முசியோகா. கென்யாக்காரர், கம்பா மொழிக்காரர். அவர் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு அந்த மொழி நின்றுவிட்டது. அதற்குமேல் வாய் தவறிப் பேசினால் கழுத்தில் மரத்துண்டைக் கட்டித் தொங்கவிடுவார்களாம்.

ஒரு வெள்ளிக்கிழமை அவரிடம் நம் வீட்டு பைண்டு புத்தகங்களைப் பற்றிப் பெருமை பேசித் தொலைத்தேன். வாரப் பத்திரிகை வந்ததும் நாம் பிடுங்கிக்கொண்டு படித்தது, தொடர்கதைப் பக்கங்களைப் பிய்த்துச் சேர்த்தது, மாமா கடைசி வாரத்து இதழில் கருவாடு மடித்துவிட்டதால் கதாநாயகிக்குக் கல்யாணம் ஆயிற்றா இல்லையா என்று பதினோரு வருஷமாய் நாம் சண்டை போடுவது, எல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே கண் கலங்கிவிட்டது. அந்தச் சாயங்காலங்கள் இனி வராது மச்சான். முசியோகாதான் நம்பவில்லை. “பெரியவங்களுக்கா? உங்க பாஷையிலயா? வாராவாரமா?” என்று கேம்ப் இந்தியில் மூன்று தடவை கேட்டார்.

மறுவாரமே அவரும் கம்பாவில் ஒரு காதல் கதை எழுத ஆரம்பித்தார். வெள்ளிதோறும் அதை எங்களுக்கு உடைந்த இந்தியில் சொல்வார். கதாநாயகி பஸ் கண்டக்டர். எங்கள் ரூமே அவள்மேல் உயிராயிருந்தது. கதை முடிந்ததும் ஊரில் ஒரு பதிப்பாளருக்கு அனுப்பினார். போன வாரம் பதில் வந்தது. கதை பிரமாதமாம், ஆனால் அந்த மொழிப் புத்தகத்தைப் பள்ளிக்கூடம் வாங்கினால்தான் உண்டாம், பள்ளிக்கூடமோ மூன்றாம் வகுப்புவரைதான் வாங்குமாம், ஆகவே கண்டக்டரை முயலாகவும் முத்தங்களைக் கேரட்டாகவும் மாற்றித்தர வேண்டுமாம். எங்கள் ரூம் மீராசா பாய், “முயல் எப்படிய்யா டிக்கெட் கிழிக்கும்?” என்று கேட்டுவிட்டுச் சாப்பிடாமல் படுத்துவிட்டார். மாற்றாதீர்கள் என்று நான் முசியோகாவிடம் கெஞ்சினேன். “மாத்தலன்னா யாரு படிப்பா பாய்? என் மகனுக்கே இது படிக்கத் தெரியாது” என்றார். நேற்று கேட்டில் உட்கார்ந்து முயலுக்குக் காது வரைந்துகொண்டிருந்தார். எனக்கு நெஞ்சே ஆறவில்லை.

ஆகையால் அகிலா தமிழ்ப் பள்ளியிலேயே படிக்கட்டும். இது என் முடிவு. யார் சொன்னாலும் மாறாது. அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
வைரவன்

பி.கு.: உறையை ஒட்டுமுன் உங்கள் தங்கை போன் செய்தாள். அரைமணி நேரம் அவள் பேசினாள், நான் கேட்டேன். விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன், ஜூனில் சேர்த்துவிடுங்கள். இந்தக் கடிதம் அகிலா கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நாலைந்து வருஷம் மறைத்தால் போதும், அப்புறம் மேசைமேல் கிடந்தாலும் பயமில்லை.