‘ம்’ சொல்லத் தடை

அன்புள்ள தம்பிக்கு,

உன் அக்கா எழுதுவது. நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும், நீ புதிதாக எடுக்கும் மாடியும் நல்லபடியாக இருக்க வேண்டும். நானும் நலமே. நீ விசாரிக்காவிட்டாலும் நானாகத் தெரிவிப்பது முறை என்பதால் தெரிவிக்கிறேன். இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள், போனில் சொல்லலாமே என்பாய். போன் என்றதும் நினைவுக்கு வருகிறது: ஒரு ஞாயிற்றுக்கிழமை பேசிக்கொண்டே இருந்தவன் பாதியில் வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகளில் நீ கூப்பிடவே இல்லை. எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் கிடையாது. வருத்தம் கிடையாது என்பதை விளக்கமாகச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஓய்வு பெற்ற பிறகு நான் கல்வி அலுவலகத்தின் சிறப்புக் கல்விப் பிரிவுக்குப் போய்வருவது உனக்குத் தெரியும். தெரியாது என்றால், நான் சொன்னபோது நீ டிவி பார்த்துக்கொண்டிருந்தாய் என்று அர்த்தம். என் வேலைக்குப் பெயர் ‘சொல்வதை எழுதுபவர்’. கையால் எழுத முடியாத பிள்ளைகள் தேர்வில் வாயால் விடை சொல்வார்கள், நாம் பக்கத்தில் உட்கார்ந்து எழுதித் தர வேண்டும். எனக்கு வந்து வாய்த்தவள் ஒன்பதாம் வகுப்புப் பெண். விரல்களுக்குப் பேனா பிடிக்கும் வலு இல்லை, அந்த வலுவும் சேர்ந்து நாக்குக்குப் போய்விட்டது. பள்ளியில் எல்லாரும் அவளை வாயாடி என்றுதான் கூப்பிடுகிறார்கள், அவளும் அந்தப் பெயருக்குத்தான் திரும்பிப் பார்க்கிறாள். அவளுக்குத் தனி அறை, கூடுதல் நேரம், கூட நான். தனி அறை என்றதும் ஏதோ என்று நினைத்துவிடாதே, விளையாட்டுச் சாமான் போட்டுவைக்கிற அறை. காற்றுப் போன பந்துகளுக்கும் கால் ஒடிந்த பெஞ்சுக்கும் நடுவில் ஒரு மேசை. ஆனால் தம்பி, அந்த அறை எனக்குப் பிடித்திருந்தது. உன் அத்தான் போன பிறகு என் வீட்டில் வாய் திறப்பது குக்கர் ஒன்றுதான், அதுவும் விசில் அடித்துவிட்டு நிறுத்திக்கொள்ளும். இந்தப் பெண்ணோ என் முகத்தைப் பார்த்து, வாக்கியம் வாக்கியமாக, நான் எழுதி முடிக்கக் காத்திருந்து காத்திருந்து பேசினாள். மண்ணரிப்பைப் பற்றியும் பழைய ராஜாக்களைப் பற்றியும்தான் பேசினாள், அதனால் என்ன? என்னிடம் ஒருத்தி அவ்வளவு பொறுமையாகப் பேசி எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. தேர்வு எப்போது வரும் என்று நான் நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்தப் பிள்ளையும் தேர்வுக்காக அப்படி ஏங்கியிருக்காது.

வினை என் வாயில் இருந்தது. நான் காலமெல்லாம் சுருக்கெழுத்தராக இருந்தவள். அதிகாரி சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டே, எழுதிவிட்டேன், மேலே சொல்லுங்கள் என்பதற்கு அடையாளமாக ‘ம்’ என்பேன். நாளடைவில் அந்த ‘ம்’மிலேயே பல ரகம் வந்துவிட்டது. குட்டையாகச் சொன்னால் சரி என்று அர்த்தம். ‘ம்ம்ம்’ என்று இழுத்தால், ஐயா, இதைக் கொஞ்சம் யோசித்துச் சொல்லுங்கள் என்று அர்த்தம். நான் இழுத்ததைக் கேட்டு ஒருவருடைய இடமாற்ற உத்தரவையே கிழித்துப் போட்ட அதிகாரி உண்டு. இதையெல்லாம் நான் வேண்டுமென்று செய்யவில்லை, மூச்சு விடுவது போல அதுபாட்டுக்கு வந்துவிடும். வாயாடிக்குக் காது கூர்மை. அரையாண்டுத் தேர்வின் இரண்டாவது தாளிலேயே ரகங்களைப் பிடித்துக்கொண்டாள். விடைத்தாளைத் திருத்திய வரலாற்று ஆசிரியருக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. எங்கெங்கே தவறான விடை இருக்கிறதோ அங்கெல்லாம் அது அடிக்கப்பட்டு, அடுத்த வரியிலேயே சரியான விடை. தலைமையாசிரியை எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு விசாரித்தார். நான் ஒன்றுமே தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் ஒளிவு மறைவில்லாமல் சொன்னாள்: “அவங்க ‘ம்’னா சரி, மேல போலாம். ‘ம்ம்ம்’னு இழுத்தா தப்பு, மாத்தணும். எல்லாருக்கும் அப்படித்தான் வெச்சிருக்காங்கன்னு நினைச்சேன்.”

கதை கந்தலாகிவிட்டது. அரையாண்டு மதிப்பெண் செல்லாது என்றார்கள். என்னை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள், ஆனால் ஒரு சொல் விடாமல் எழுதக் கை ஓடுகிறவர் வேறு யாரும் அகப்படவில்லை. ஆண்டுத் தேர்வில் கண்காணிக்க ஓர் ஆளைப் போட்டு நானே எழுதுவது என்று முடிவாயிற்று. தலைமையாசிரியை என்னைத் தனியாக நிறுத்தி, “இன்னொரு தடவ உங்க வாயிலேர்ந்து சத்தம் வந்தா அந்தப் பேப்பர் செல்லாதும்மா. அவ இதே வகுப்புல இன்னொரு வருஷம் உக்கார வேண்டியதுதான்” என்றார். தம்பி, அதிகாரிகளின் முன்னால் உட்கார்ந்தே நரைத்தவள் நான், அங்கே எனக்கு ஓர் எழுத்துகூடப் பிசகியதில்லை. அன்று பதிவேட்டில் என் பெயரையே பிழையாக எழுதிவிட்டு வந்தேன்.

இதற்கிடையில் அலுவலகத்தில் புது விதிமுறைகளைப் பற்றி எல்லா ஊழியர்களுக்கும் பயிற்சி வைத்தார்கள். பயிற்சி கொடுத்தது உன் மூத்த மகள் வயதுள்ள பெண். திரையில் படம் படமாக ஓட்டினாள். இனிமேல் தேர்வுச் சலுகை என்று சொல்லக் கூடாதாம், சலுகை என்றால் நாம் ஏதோ கருணை காட்டுவது போல ஆகிவிடுமாம், தேர்வு ஏற்பாடு என்றுதான் சொல்ல வேண்டுமாம். நியாயம்தான், குறித்துக்கொண்டேன். மாணவர் வாயிலிருந்து வரும் ஒவ்வொரு சொல்லையும் எழுத வேண்டும், நாமாக ஒன்றும் சேர்க்கக் கூடாது. விடையை மாற்றச் சொன்னால் ஒற்றைக் கோடு போட்டு அடிக்க வேண்டும், அழிக்கக் கூடாது. அடித்ததும் படிக்கும்படியாக இருக்க வேண்டும், ஆனால் மதிப்பெண் அதற்குக் கிடையாது, அதன் கீழே எழுதியதற்குத்தான். இவ்வளவும் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. கடைசியில் வந்தது என் விதி: புருவம் உயரக் கூடாது, தலை ஆடக் கூடாது, எந்த ஒலியும் எழுப்பக் கூடாது. செய்து காட்ட எனக்கு ஜோடியாக வாயாடியின் பள்ளி உடற்பயிற்சி ஆசிரியரை உட்கார வைத்தார்கள். அவர் வேண்டுமென்றே, நிலா ஒரு நட்சத்திரம் என்று ஆரம்பித்தார். வாக்கியம் முடிவதற்குள் என் வாயிலிருந்து ‘ம்ம்ம்’ கிளம்பிவிட்டது. கூடமே சிரித்தது. பயிற்சி கொடுத்த பெண் மட்டும் சிரிக்காமல், “சுவர் மாதிரி இருங்க மேடம். வீட்ல யாராவது பேசறப்போ பழகிப் பாருங்க, தானா வந்துடும்” என்றாள். சரி என்றேன். வீட்டில் யார் பேசுகிறார்கள் என்று அவளிடம் கேட்க முடியுமா?

முதலில் வாயில் தண்ணீரை நிரப்பிக்கொண்டு வானொலிச் செய்தி கேட்டேன். ‘ம்’ என்பது வாயை மூடிக்கொண்டால்தான் வரும் சத்தம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது, செய்திக்கு ஒரு ‘ம்’ கிளம்பி, தண்ணீரெல்லாம் மேசைவிரிப்பில். பிறகு மனிதர்களிடம் பழகுவது என்று இறங்கினேன். ஒழுகும் குழாயைப் பார்க்க வந்த பிளம்பர், மொத்தக் குழாயையும் மாற்றிவிடலாமா என்று கேட்டார். நான் சுவராக நின்றேன். அவர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு சுவரை உடைத்துவிட்டார். நிஜச் சுவரைச் சொல்கிறேன். இப்போது குளியலறையில் திறந்தால் சமையலறையில் கொட்டுகிறது. மேல் வீட்டு அம்மாள் தன் முழங்கால் வலியைச் சொல்லிக்கொண்டிருந்தாள். வழக்கமாக அவள் பேச்சுக்கு நான் உம் கொட்டாத இடமே இருக்காது. அன்று முகத்தை இப்படி அப்படி அசைக்காமல் உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று மாடிப்படியெல்லாம் சொல்லிவிட்டு, அதோடு இறங்கி வருவதையே நிறுத்திவிட்டாள். அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமை. நீ உன் புது மாடிக்குத் தரை ஓடு வாங்கிய கதையைச் சொன்னாய். வழவழப்பானதா, சொரசொரப்பானதா, எந்தக் கடை, எவன் ஏமாற்றினான். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு ‘ம்’கூடச் சொல்லாமல் கேட்டேன். நீ, “அக்கா? ஹலோ? ஹலோ?” என்றாய். பிறகு உன் மனைவியிடம், “லைன் போயிடுச்சு. விடு, அடுத்த வாரம் பாத்துக்கலாம்” என்று சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. லைன் எங்கேயும் போகவில்லை, நானும் எங்கேயும் போகவில்லை. அன்று பயிற்சியில் எனக்கு முழு மதிப்பெண்.

ஆண்டுத் தேர்வு வந்தது. கண்காணிக்க வந்தவர் அதே உடற்பயிற்சி ஆசிரியர், அவர் சாமான் அறை அல்லவா. கழுத்தில் விசிலோடு எதிரே உட்கார்ந்தார், எப்போது ஊதுவாரோ என்று ஒரு கண்ணை அதன்மேலேயே வைத்திருந்தேன். வாயாடி முதல் வாக்கியத்தைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் சுவர். இரண்டாவது வாக்கியம் பாதியில் நின்றது. மூன்றாவது வரவே இல்லை. தெரியாமல் இல்லை, அவளுக்குத் தெரியும். யாரோ கேட்கிறார்கள் என்று இருந்தால்தான் அவளுக்குப் பேச்சு வரும், அவ்வளவுதான். நேரம் போய்க்கொண்டே இருந்தது. பந்துகளைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள், பிறகு ரொம்பச் சின்னக் குரலில், “நீங்க இருக்கீங்களா?” என்றாள்.

எனக்கு ‘ம்’ உதடுவரை வந்துவிட்டது தம்பி. பல்லைக் கடித்துக்கொண்டேன். அப்போதுதான் விதி ஞாபகம் வந்தது: வாயிலிருந்து வரும் ஒவ்வொரு சொல்லையும் எழுத வேண்டும். பேனாவை நன்றாக அழுத்தி, தாளில் கரகரவென்று சத்தம் கேட்கும்படி, ‘நீங்க இருக்கீங்களா’ என்று விடைத்தாளிலேயே எழுதினேன். ஆசிரியர் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். விதிப்படி குற்றம் சொல்ல முடியவில்லை, போய் உட்கார்ந்துவிட்டார். வாயாடி பேனா ஓடிய சத்தத்தைக் கேட்டாள். அவள் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன், பார்க்காத மாதிரியும் இருந்தேன். “அத அடிச்சிடுங்க” என்றாள். ஒற்றைக் கோடு போட்டேன். அதற்குப் பிறகு மடை திறந்ததுதான். தவறான விடைகளும் வந்தன, எனக்கே தெரிந்த தவறுகள். அவற்றை என் முத்தான கையெழுத்தில், புருவம் அசையாமல் எழுதினேன். என் வேலைக்காலத்தில் நான் எழுதியதிலேயே கஷ்டமான வரிகள் அவைதான். அவள் தேறிவிட்டாள். மதிப்பெண் ஒன்றும் பிரமாதமில்லை, ஆனால் அத்தனையும் அவள் சொந்தச் சம்பாத்தியம்.

எனக்கு வாயெல்லாம் பல். அடுத்த வருஷமும் நாம்தான் என்று புதுப் பேனாகூட வாங்கி வைத்தேன். போன வாரம் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். மறுபடியும் புது ஏற்பாடு வந்திருக்கிறதாம். பேசினால் தானாகவே எழுதிக்கொள்ளும் கணினி, ‘ம்’ சொல்லாது, தலையாட்டாது, பிறவியிலேயே சுவர். கணினியா, ஆளா என்று மாணவியே முடிவு செய்யலாம் என்றார்கள். வாயாடி தன் அம்மாவைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், கடைசியில் என்னைப் பார்த்தாள். “நானே தனியா எழுதிப் பாக்கறேனே. கம்ப்யூட்டர் போதும்” என்று சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அது தேர்வு இல்லை, கூட்டம். அங்கே தடை ஒன்றும் இல்லை. இழுத்துச் சொல்லியிருக்கலாம். இழுத்திருந்தால் அவள் மாற்றிக்கொண்டிருப்பாள், அது எனக்குத் தெரியும்.

குட்டையாக ‘ம்’ என்றேன்.

இவ்வளவுதான் விஷயம். ஆகவே நான் இப்போது முழு ஓய்வில் இருக்கிறேன். பேசாமல் இருப்பதற்கு அரசாங்கச் செலவில் பயிற்சி எடுத்தவள் என்பதால் தனியாக இருப்பது ஒன்றும் சிரமமாக இல்லை. எனக்கு ஒரு குறையும் கிடையாது. நீ வேலை மெனக்கெட்டுக் கூப்பிட வேண்டியதும் இல்லை. உன் மாடி நல்லபடி எழும்பட்டும், தரை யாரையும் வழுக்கிவிடாமல் இருக்கட்டும், பிள்ளைகள் தங்கள் வாயாலும் தங்கள் கையாலும் எழுதித் தேறட்டும். உன் மனைவிக்கு என் அன்பைச் சொல்.

இப்படிக்கு,
சுவராக இருக்கத் தேர்ச்சி பெற்ற உன் அக்கா

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் ஒருமுறை படித்துப் பார்த்தேன். முதல் பத்தியில் ‘வருத்தம் ஒன்றும் கிடையாது’ என்பதிலும், முடிவில் ‘சிரமமாக இல்லை’, ‘குறையும் கிடையாது’, ‘கூப்பிட வேண்டியதும் இல்லை’ என்பவற்றிலும் ஒற்றைக் கோடு போட்டிருக்கிறேன். விதிப்படி எதையும் அழிக்கவில்லை, நீ படிக்கலாம். ஆனால் அடித்ததற்கு மதிப்பெண் கிடையாது, கீழே எழுதியதைத்தான் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். கீழே எழுதுவது இது: ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. அந்தத் தரை ஓட்டுக் கதையை முதலிலிருந்து சொல்லு. நான் ‘ம்’ சொல்கிறேன்.